புதையல் தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள ஆசை. சென்னைப் பக்கம் எங்கே தொடங்கலாம்?

வேளச்சேரி_வாசு | ஞாயிறு, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். சின்ன வயசிலிருந்தே புதையல் என்றால் எனக்குக் கிறுக்கு. பாட்டி சொன்ன ஏழு குடம் தங்கத்தின் கதையில் ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கிவிட்டேன். இங்கிலாந்தில் வயற்காட்டில் நடந்து நடந்தே ரோமானியக் காசு எடுக்கிறவர்களின் வீடியோக்களைத் தினமும் பார்க்கிறேன். நம் மண்ணில் மட்டும் என்ன குறைச்சல்? பல்லவன், சோழன், விஜயநகரத்தான், டச்சுக்காரன், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் என்று எல்லாரும் காசை எண்ணிய இடம்தானே இது.

மனசில் வைத்திருக்கும் இடங்கள்: பல்லாவரம் மலையடிவாரம், மாமல்லபுரம் கடற்கரை, பழவேற்காடு. அப்புறம் உத்திரமேரூர் தாண்டி என் மச்சானுக்கு இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஒரு மேடு. ஏர் ஓட்டினால் கறுப்பும் சிவப்புமாக ஓடு புரளும் என்று மாமனார் சொல்வார். அங்கேதான் முதலில் தோண்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எந்த மாசம் நல்லது, எவ்வளவு ஆழம் போகலாம், யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

முன்னாள்_வட்டாட்சியர் | திங்கள், காலை 6:15

வாசு தம்பி, மச்சான் நிலத்தில் கடப்பாரை இறங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். முப்பது வருஷம் வருவாய்த் துறையில் இருந்தவன் சொல்கிறேன்.

இந்தியப் புதையல் சட்டம் 1878-ஆம் வருஷத்தது. இன்றும் அதுதான் நடப்பில் உள்ளது. மண்ணிலோ மண்ணோடு சேர்ந்த ஒன்றிலோ மறைந்து கிடக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல்தான். தங்கமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. பொருளை அருகிலுள்ள கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் கேட்கும்போது கொண்டுவருவதாக ஜாமீன் கொடுக்க வேண்டும்.

மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். உங்கள் பங்கும் போய்விடும். நிலத்துக்காரர் உடந்தையாக இருந்தால் அவருக்கு ஆறு மாதம் வரை. ஆகவே மச்சானும் மாட்டுவார்.

இது கண்டெடுத்த பிறகு செய்ய வேண்டியது. பழம்பொருளைத் தேடிப் போய்த் தோண்டுவது வேறு விஷயம். கீழடியில் மாநில அரசே மத்திய அரசின் ஒப்புதல் வாங்கித்தான் குழி வெட்டியது. மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி நூறு மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அந்தப் பக்கம் கருவியோடு போகவே போகாதீர்கள்.

வடசென்னை_வேலு | திங்கள், காலை 9:02

சார், உங்க மேல மரியாதை உண்டு. ஆனா இதுல எனக்கு உடன்பாடு இல்ல. வெள்ளைக்காரன் 1878-ல போட்ட பத்து ரூபா இன்னிக்கும் பத்து ரூபாதானா? அந்தக் காசுக்கு இப்ப நல்ல டீ கூட வராது. அப்ப யார் என்ன எடுத்தாலும் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய் நிக்கணும்.

2020 டிசம்பர்ல உத்திரமேரூர்ல என்ன நடந்துச்சு? குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில தங்கம் கெடச்சுது, அரைக்கிலோவுக்கு மேல. எங்க சாமிக்கே வெச்சுக்கறோம்னு ஊர்க்காரங்க கேட்டாங்க. கடைசியில போலீஸோட வந்து வாங்கிட்டுப் போய்க் கருவூலத்துல வெச்சாங்க. முன்னோர் சாமிக்குனு வெச்சது, அந்த ஊர்ல இருக்கறதுதான நியாயம்? நான் திருட்டுக்கு வக்காலத்து வாங்கல. ஊர்க்காரன் கண்ணுலயே படாத இடத்துல கொண்டுபோய்ப் பூட்டி வெச்சா, அடுத்த தடவ ஒருத்தனும் வாயத் தெறக்க மாட்டான்.

முன்னாள்_வட்டாட்சியர் | திங்கள், காலை 11:30

வேலு, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நானே பதில் இல்லாமல் நின்றிருக்கிறேன். கிணறு வெட்டும்போது காசுப் பானை எடுத்த ஒரு கூலிக்காரர், நாணயமாக வந்து ஒப்படைத்தார். பங்குத் தொகை முடிவாகி வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவியிடம் காகிதத்தைக் கொடுத்தபோது நான் தலை நிமிரவில்லை.

ஆனால் சட்டம் பிடுங்குவதற்கு மட்டும் எழுதப்பட்டது என்று நினைக்காதீர்கள். ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உரிமை கோருபவர் வந்து சொல்ல நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு நாள் குறிப்பார். நூறு வருஷத்துக்குள் உங்கள் தாத்தா புதைத்தது என்றால் நீங்கள் அதை நீதிமன்றத்தில் நிரூபித்து வாங்கிக்கொள்ளலாம். உரிமையாளர் இல்லையென்று முடிவானால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசு தனக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டால் அதன் மூலப்பொருள் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். இந்தக் கடைசி வரி ஊரில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் பாதிப் பானைகள் உருக்குக் கடைக்குப் போயிருக்காது.

எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளில் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் அங்கே வந்து சேர்ந்தது. ஏதோ ஒரு விவசாயி ஏதோ ஒரு தாசில்தாரிடம் வந்து சொன்னதால் வந்தவை. கோயில் விஷயம் தனி. உரிமையாளர் யார் என்பதிலேயே அங்கே வாதம் இருக்கிறது. உங்கள் கேள்வியை நான் தள்ளவில்லை.

கறுப்புசிவப்பு_ஓடு | திங்கள், இரவு 8:20

வாசு அண்ணா, தொல்லியல் படிக்கிறேன். உங்கள் பதிவில் அந்த ஓடு வரியைப் படித்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்று இருந்தால் இரும்புக்காலத்தையோ சங்ககாலத்தை ஒட்டியோ இருக்க நல்ல வாய்ப்பு. தயவுசெய்து அந்த மேட்டைத் தோண்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். டிடெக்டருக்கு உலோகம் மட்டும்தான் தெரியும். பீப் சத்தம் வந்த இடத்தில் ஒரு குழி போடுவீர்கள். காசு வரும். அதைச் சுற்றியிருந்த அடுப்புக் கரி, தானியம், எலும்பு, மணி, தரை மட்டம் எல்லாம் மண்வெட்டியோடு போய்விடும். கரி இருந்தால் காலம் கணிக்கலாம். காசு எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் அது வீடா, கடையா, பட்டறையா என்று பேச முடியும். கரூரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்து எத்தனையோ சங்ககாலக் காசுகள் எடுத்திருக்கிறார்கள். மாக்கோதை என்று பெயர் பொறித்த சேரன் காசு நம் வரலாற்றுக்கே பெரிய வரவு. ஆனால் ஆற்றில் உருண்டு வந்த காசு தன் முகத்தை மட்டும்தான் காட்டும், வீட்டு முகவரி சொல்லாது.

நீங்கள் பார்க்கிற இங்கிலாந்துக் கதையிலேயே ஒன்று. 1992-இல் ஹாக்ஸ்னி என்ற ஊரில் எரிக் லாஸ் என்பவர் நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடி டிடெக்டரோடு போனார். ரோமானியத் தங்கம், வெள்ளி வந்துகொண்டே இருந்தது. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டார். சொல்லியனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து மீதியை முறையாக எடுத்தார்கள். அவர் நிறுத்தியதால்தான் அது மரப்பெட்டியில் அடுக்கி வைத்தது என்பதும், எது எதன் மேல் இருந்தது என்பதும் தெரிந்தது. ஏறக்குறைய பதினைந்தாயிரம் காசுகள். அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு அவர் எடுத்த தங்கத்தை விட அவர் நிறுத்திய அந்த நிமிஷம் பெரிதாகத் தெரிகிறது.

பல்லாவரத்துக்கும் டிடெக்டர் வேண்டாம். 1863 மே 30 அன்று நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே எடுத்தது ஒரு கல். பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தியாவின் கற்கால ஆய்வே அந்தக் கல்லில்தான் தொடங்கியது. அதே வருஷம் செப்டம்பரில் அதிரம்பாக்கம். அங்கே பிறகு தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் செய்த ஆய்வில் மிகப் பழைய கருவிகளுக்குக் கிட்டத்தட்ட பதினைந்து லட்சம் வருஷம் என்று 2011-இல் அறிவித்தார்கள். எந்த டிடெக்டரும் அதற்குச் சத்தம் போட்டிருக்காது. ஃபூட்டிடம் இருந்தது பார்க்கப் பழகிய கண்.

அந்தப் பழக்கத்தைத்தான் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு, உழவுக்குப் பிறகு மேட்டின் மேல் நடங்கள். எதையும் எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறியுங்கள். எழும்பூர் ஹால்ஸ் ரோட்டில் இருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள்.

வேளச்சேரி_வாசு | திங்கள், இரவு 11:05

படித்தேன். மேட்டைத் தொடவில்லை, தொட மாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: கையில் ஏதாவது கிடைக்கிற அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டும். படம் எடுத்துவிட்டு வருவதில் அது வருமா என்று தெரியவில்லை. கருவியை என்ன செய்வது?

ஈசிஆர்_நடையன் | செவ்வாய், காலை 5:50

கருவியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு வாங்க தம்பி. எட்டு வருஷமாக நடக்கிறேன். இது பழம்பொருள் தேடுவதில்லை, ஜனங்கள் தொலைத்ததைத் தேடுவது. அதனாலேயே எனக்கு மனசு சுத்தமாக இருக்கிறது.

முதலில் மெரினாவில் பழைய காலத்துப் பொருள் கிடைக்கும் என்ற எண்ணத்தை விடுங்கள். 1870-களில் துறைமுகச் சுவர் கட்ட ஆரம்பித்த பிறகு தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் அங்கே தடுக்கப்பட்டு, தெற்கே சேர்ந்து சேர்ந்துதான் இவ்வளவு அகலமான கடற்கரை வந்தது. ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் அரித்ததும் அதே காரணத்தால். ஆக மெரினாவில் நீங்கள் மிதிக்கிற மணல் பெரும்பாலும் புது மணல். போன வாரம் தொலைந்தது கிடைக்கும், கம்பெனிக்காரன் தொலைத்தது கிடைக்காது.

கருவி விஷயம். சாதாரண டிடெக்டர் ஈர மணலில் உளறும். உப்புத் தண்ணீரே மின்சாரம் கடத்துவதால் மணல் முழுக்க உலோகம் மாதிரி அதற்குத் தோன்றும். நம் கரையில் கறுப்பு மணல் திட்டுகள் வேறு. காந்தத்தைப் போட்டால் ஒட்டும் மணல். அங்கேயும் கூச்சல் போடும். பல்ஸ் வகைக் கருவி இதைத் தாங்கும். உங்களிடம் இருப்பது சாதாரண வகை என்றால் காய்ந்த மணலில் மட்டும் பழகுங்கள். தட்டைத் தரையோடு ஒட்டி, மெதுவாக, பக்கவாட்டில். வேகமாக வீசினால் ஒன்றும் கேட்காது. காசு அளவுப் பொருளுக்கு ஒரு சாண் ஆழம் வரைதான்.

இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டுவிட்டுக் காசு வரவில்லை என்று பலர் புலம்புவார்கள். இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் துருப்பிடிக்காத எஃகு. காந்தத்தில் ஒட்டுபவை. கருவி அவற்றை ஆணி என்று நினைத்துத் தள்ளிவிடும். இன்னொரு சிக்கல், மெல்லிய தங்க மோதிரமும் சிகரெட் பெட்டித் தாளும் ஏறக்குறைய ஒரே சத்தம். தாளுக்குச் சலித்துக்கொண்டு விட்டால் மோதிரமும் போகும். நான் தாளையும் எடுக்கிறேன், மூடியையும் எடுக்கிறேன், குப்பைத் தொட்டியில் போடுகிறேன். ஊரூர் குப்பம் மாதிரி இடங்களில் வலை ஈயக் குண்டு நிறைய வரும். அதை மீனவர்களிடமே கொடுத்துவிடுங்கள், அவர்களுக்கு உதவும்.

சில விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். காணும் பொங்கலுக்கு மறுநாள் விடிகாலையில் மணலைக் கையால் சலித்துக் காசு தேடுகிறவர்கள் இருப்பார்கள். அது அவர்களுக்குச் சாப்பாடு, நமக்குப் பொழுதுபோக்கு. அவர்கள் முடித்த பிறகு நாம் போவோம். அஸ்தி கரைக்கிற இடத்தில் கருவியைப் போடாதீர்கள். கலயம், தகடு, சின்ன வெள்ளித்துண்டு எது வந்தாலும் அப்படியே மூடிவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெசன்ட் நகர், நீலாங்கரைப் பக்கம் பங்குனி ஆமைகள் இரவில் ஏறி வந்து முட்டையிடும். அலை எட்டாத மேட்டு மணலில், ஒன்றரை அடி ஆழத்தில் கூடு இருக்கும். அந்த மாசங்களில் மேட்டு மணலில் குழி தோண்டவே கூடாது. ஆமைக்காக ராத்திரி நடக்கும் பிள்ளைகள் 1988-லிருந்து நடக்கிறார்கள். அவர்களைப் பார்த்தால் ஒரு வணக்கம் வையுங்கள்.

கிடைத்ததைத் திருப்பிக் கொடுப்பது பற்றி. எனக்கு இதுவரை ஏழு மோதிரம், ஒரு தாலிக்குண்டு, மூன்று கொலுசு. மோதிரத்தில் பெயர் இருந்தால் இடத்தையும் தேதியையும் போட்டு எழுதுவேன், பெயரைச் சொல்ல மாட்டேன். சரியான பெயரைச் சொல்பவருக்குத்தான் கொடுப்பேன். உரியவர் யாரென்று தேடாமல் நாமே வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-இன் கீழ் குற்றம். அந்தத் தாலிக்குண்டைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு அம்மா வந்து வாங்கிக்கொண்டார். அவர் கணவர் அந்த வருஷம்தான் தவறியிருந்தார். கையில் வாங்கியதும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் கேட்ட சந்தோஷம் அது. நான் அதற்காகத்தான் காலையில் எழுகிறேன்.

பழங்காசு_மாம்பலம் | செவ்வாய், மதியம் 1:15

நடையன் அண்ணா பதிவை மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

எச்சரிக்கை ஒன்று. இந்த இழையைப் படித்துவிட்டு யாராவது உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பினால் பதில் சொல்லாதீர்கள். புதையலில் கிடைத்த காசுமாலை, மலிவாகத் தருகிறோம் என்பார்கள். சோதிக்கக் கொடுக்கும் ஒரு குண்டு நிஜத் தங்கம், மீதி முழுக்கப் பித்தளை. கோபுரக் கலசத்தில் இரிடியம், அரிசியை இழுக்கும் செம்பு, வெற்றிலையில் மை போட்டு இடம் காட்டுவது, பூதத்துக்குப் பலி கொடுக்க வேண்டும் என்பது, எல்லாம் ஒரே கூட்டத்தின் வேலை. என் சித்தப்பா இரிடியத்தில் வீட்டுப் பத்திரத்தை இழந்தார். படித்தவர், வங்கியில் வேலை பார்த்தவர். கலசத்துக்குள் வரகும் மற்ற தானியங்களும்தான் இருக்கும், விதை காப்பதற்காக வைத்தது. அதைத் திருடக் கோபுரம் ஏறுகிறவர்களை உருவாக்குவது இந்தக் கதைதான்.

நல்ல கதை ஒன்றும் சொல்கிறேன். மெட்ராஸுக்கு வர வேண்டிய புதையல் ஒன்று இங்கிலாந்துக் கடலில் கிடந்தது. அட்மிரல் கார்ட்னர் என்ற கம்பெனிக் கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல் திட்டில் மோதி மூழ்கியது. அதில் நம் மெட்ராஸ் மாகாணத்துக்காக பர்மிங்காமில் அடித்த செப்புக் காசுகள் நாற்பத்தெட்டு டன். பத்துக் காசு, இருபது காசு, 1808 என்று வருஷம் போட்டது. 1980-களில் முங்கி எடுத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல். மரப்பீப்பாயில் இருந்ததால் பல காசுகள் அச்சடித்த அன்று இருந்த மாதிரியே இருந்தன. என்னிடம் ஒரு பத்துக் காசு இருக்கிறது, ஏலத்தில் முறையாக வாங்கியது. தங்கசாலைத் தெருவில் கீரை வாங்கியிருக்க வேண்டிய காசு, யார் கையிலும் படாமல் இருநூறு வருஷம் கழித்து மாம்பலத்துக்கு வந்திருக்கிறது. அப்போது ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. என் பேத்திக்கு இதில்தான் பெருக்கல் சொல்லிக் கொடுத்தேன்.

மயிலை_நிலைவாசல் | செவ்வாய், இரவு 9:45

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. வாசுவின் கேள்வி ஒரு பழைய புண்ணைத் தொட்டது.

மயிலாப்பூரில் எங்கள் பூர்வீக வீட்டை 1994-இல் இடித்தோம். மெட்ராஸ் ஓடு, தேக்குத் தூண், முற்றம் எல்லாம் இருந்த வீடு. பூஜை அறை மூலைச் சுவரை உடைத்தபோது ஒரு பித்தளைச் செம்பு வந்திருக்கிறது. நாங்கள் யாரும் அங்கே இல்லை. மேஸ்திரியும் ஆட்களும் பங்கு பிரித்து, அன்று சாயங்காலமே எடைக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஒரு சித்தாள் பெண்மணி மனசு கேட்காமல் வந்து என் அம்மாவிடம் சொன்னார். ஓடிப்போய்க் கேட்டபோது எல்லாம் உருகியிருந்தது. காலிச் செம்பு மட்டும் கிடைத்தது. அடியில் ஒட்டியிருந்த மண்ணைக் கரைத்தபோது ஒரே ஒரு தங்கப் பணம், துவரம்பருப்பு அளவு, அரைக் கிராம்கூட இல்லை.

பணம் போனது பற்றி நான் இன்று வருந்தவில்லை. எங்கள் பாட்டி இரண்டு விதமாகச் சொல்வார். 1914 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டபோது குடும்பம் காஞ்சிபுரத்துக்கு ஓடியது என்பார். 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியானபோது மறுபடி ஓடினோம் என்பார். இரண்டு முறையும் நகையைச் சுவரில் வைத்ததாகப் பேச்சு உண்டு. அந்தச் செம்பில் பவுன் காசுகள் இருந்தன, ராஜா தலை போட்டது என்று அந்தப் பெண்மணி சொன்னார். பவுனில் வருஷம் இருக்கும். ஒரு குவியலில் கடைசிக் காசு எந்த வருஷமோ அதற்குப் பிறகுதான் அதைப் புதைத்திருக்க முடியும். 1912 என்று இருந்தால் ஒரு கதை, 1930-க்கு மேல் என்றால் வேறு கதை. யார் கை வைத்தது, கொள்ளுத் தாத்தாவா, தாத்தாவா? வைத்தவர் ஏன் திரும்ப எடுக்கவில்லை? யாருடைய பயம் அந்தச் செம்புக்குள் இருந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு நிமிஷம் போதும், காசைத் திருப்பிப் பார்க்கிற நேரம். அது உருகிப் போயிற்று.

அன்றிலிருந்து நான் ஒன்று செய்கிறேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடு இடிக்கிறார்கள் என்று தெரிந்தால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு போய் நிற்பேன். நிலை வைக்கும்போது அடியில் நவதானியம், காசு போடுவது நம் வழக்கம். நிலையைப் பெயர்க்கும் அந்தப் பத்து நிமிஷம் நான் அங்கே இருந்தால் போதும். காசை எடுத்து, கழுவாமல், படம் எடுத்து, உரிமையாளர் கையில் கொடுப்பேன். இதுவரை பதினான்கு வீடுகளுக்கு வயசு சொல்ல முடிந்திருக்கிறது. வாசு, சென்னையில் புதையல் தேட வேண்டுமா? இடிபடும் வீட்டு வாசலில் நில்லுங்கள். தினமும் ஒன்று லாரியில் போகிறது.

கறுப்புசிவப்பு_ஓடு | செவ்வாய், இரவு 10:20

ஐயா, அந்தப் பதினான்கு வீட்டுக் குறிப்புகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் நான் வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

வடசென்னை_வேலு | செவ்வாய், இரவு 10:48

ஐயா, நான் பில்டிங் இடிக்கற கான்ட்ராக்ட்லதான் இருக்கேன். சொல்ல வேணாம்னு நெனச்சேன். எங்க ஆளுங்களும் நிலைக்கு அடியில காசு வந்தா எடுத்துப்பாங்க, நான் கண்டுக்க மாட்டேன். கூலி கம்மி, அதனால. உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். இனிமே நிலை எடுக்கற அன்னிக்கு வீட்டுக்காரங்கள வரச் சொல்றேன். எடுத்த ஆளுக்கு அவங்க கையால ஏதாச்சும் குடுக்கச் சொல்லிக் கேப்பேன். அது இல்லன்னா நடக்காது.

அல்லிக்கேணி_ராஜி | புதன், காலை 7:30

வணக்கம். எங்கள் பெரியப்பா வீட்டை வியாழக்கிழமை இடிக்கத் தொடங்குகிறார்கள். தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னாலேயே கட்டியது என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்வோம். மயிலை ஐயா வர முடியுமா? பெரியப்பாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்.

வேளச்சேரி_வாசு | வியாழன், இரவு 9:10

நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். டிடெக்டரை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

பத்தரை மணிக்கு நிலையைச் சாய்த்தார்கள். மயிலை ஐயா ஆட்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, தானே குந்தி உட்கார்ந்து ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளினார். கறுத்துப் பொடியான தானியம், அதில் துணியின் இழை அச்சு பச்சையாகப் படிந்திருந்தது. அதற்குள் மூன்று செப்புக் காசுகள். கால் அணா. இரண்டில் எழுத்து தேய்ந்துவிட்டது. மூன்றாவதில் ராணி தலை, எம்பிரஸ் என்று எழுத்து, பின்னால் 1887.

தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. காசில் விக்டோரியாவை எம்பிரஸ் என்று போட்டதே 1877-லிருந்துதான், அதற்கு முன் குவீன் என்றுதான் இருக்கும் என்று ஐயா விளக்கினார். அப்படியென்றால் இந்த நிலை 1887-க்கு முன் வைத்ததாக இருக்க முடியாது. ராஜி அக்காவின் பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், பஞ்சத்தில் வடக்கே போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள்தான் கட்டினார்கள் என்று தன் அத்தை ஒருமுறை சொன்னதாகவும், யாரும் அதை நம்பவில்லை என்றும் சொன்னார். நிலையைப் பெயர்த்த ஆளுக்கு அவரே ஐநூறு ரூபாய் கொடுத்தார்.

வட்டாட்சியர் சார், இதுவும் பத்து ரூபாய்க்கு மேல்தானே? என்ன செய்ய வேண்டும்?

முன்னாள்_வட்டாட்சியர் | வெள்ளி, காலை 6:05

ஆம். பழங்காசுக் கடையில் மூன்றும் சேர்ந்து நிச்சயம் பத்து ரூபாயைத் தாண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்டதால் தொல்பொருளும்கூட. வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த மாதிரி எழுதுங்கள்:

மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு. பொருள்: 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி அறிவிப்பு. திருவல்லிக்கேணியில் உள்ள எங்கள் வீட்டை இடிக்கும்போது தலைவாசல் நிலைக்கு அடியில் செப்புக் கால் அணா மூன்று கிடைத்தன. ஒன்றில் 1887 என்று உள்ளது. உடன் கருகிய தானியம், துணியின் அச்சு. கண்டெடுத்த நாள்: வியாழக்கிழமை, தேதியைப் போடவும். உத்தேச மதிப்பு. வீட்டை எங்கள் முன்னோரே கட்டி நிலை வைத்ததால் உரிமை கோருகிறோம். கேட்கும்போது கொண்டுவரச் சம்மதம். இணைப்பு: புகைப்படம் நான்கு.

கண்டெடுத்தவர் என்ற இடத்தில் நிலையைப் பெயர்த்தவரின் பெயரும் வர வேண்டும், வாசு. அதை விடாதீர்கள். பெரியப்பாவும் அவரும் கையெழுத்துப் போட்டு, ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒரு நகல் ஹால்ஸ் ரோட்டுக்கு. அதே உறையில் மச்சான் நிலத்து ஓடுகளின் படத்தையும் வைத்துவிடலாம், தனிக் கடிதமாக. ஒப்புகை வந்ததும் இங்கே சொல்லுங்கள்.